மை உறைந்து அடைத்துக்கொண்ட இங்க்ஜெட் பிரிண்டரை வீட்டிலேயே மீட்பது எப்படி?

கோடை விடுமுறை முழுவதும் தொடப்படாமல் கிடந்த எங்கள் வீட்டு பிரிண்டரில், பள்ளி திறந்த வாரத்தில் மகளின் படிவம் ஒன்றை அச்செடுத்தபோது, எழுத்துகளின் நடுவே வெள்ளைக் கோடுகள் ஓடின. நீல நிறம் அறவே வரவில்லை. பதற்றத்தில், மை தெளிக்கும் பகுதியான ஹெட்டைச் சுத்தம் செய்யும் ‘ஹெட் கிளீனிங்’ கட்டளையை அடுத்தடுத்து எட்டு முறை கொடுத்தேன். தொட்டியில் மை கண்ணெதிரே இறங்கியதே தவிர, நீலம் திரும்பவில்லை. பழுது பார்க்கும் கடையில் ஹெட்டையே மாற்ற வேண்டும் என்றார்கள். கடைசியில் அதைச் சரிசெய்தது, ஓர் இரவு முழுவதும் ஹெட்டின் அடியில் நின்ற சில சொட்டுத் தண்ணீர்தான். உலர்ந்த மை கரைவதற்கு நேரம் கொடுக்க வேண்டும் என்பதை அன்று கற்றுக்கொண்டேன். அந்த முறையைத்தான் இங்கே படிப்படியாக எழுதுகிறேன்.

அடைப்பு எங்கே உண்டாகிறது

இங்க்ஜெட் மையில் பெரும்பங்கு தண்ணீர். ஹெட்டின் அடியிலிருந்து அந்த மையைத் தாளில் தெளிக்கும் நாஸில்கள் தலைமுடியின் தடிமனைக் காட்டிலும் சிறிய துளைகள். பிரிண்டர் ஓய்வில் இருக்கும்போது ஹெட் வலது ஓரத்துக்குச் சென்று, ரப்பர் விளிம்புள்ள ஒரு சிறு மூடியின் மேல் அமர்ந்துகொள்கிறது. அந்த மூடிதான் துளைகளில் காற்றுப் படாமல் காக்கிறது. மூடியின் விளிம்பில் பழைய மை காய்ந்து ஒட்டியிருந்தாலோ, ஹெட் சரியாக அமராவிட்டாலோ, தண்ணீர் ஆவியாகிச் சாயம் மட்டும் துளையில் தங்கிவிடும். ‘டை’ வகை மை தண்ணீர் பட்டால் எளிதில் கரையும். ‘பிக்மென்ட்’ வகை மையில் இருப்பவை நுண்ணிய நிறத்துகள்கள் என்பதால் அது கரைய நேரமெடுக்கும். பாட்டிலிலிருந்து தொட்டியில் மை ஊற்றும் இங்க் டேங்க் பிரிண்டர்கள் பலவற்றில் கறுப்பு மட்டும் பிக்மென்ட்டாகவும் மற்ற மூன்றும் டையாகவும் இருப்பதுண்டு. உங்கள் மை பாட்டிலின் அட்டையைப் பார்த்து எந்த வகை என்று தெரிந்துகொள்ளுங்கள்.

முதற்படி: அடைப்புத்தானா என்று உறுதி செய்தல்

கணினியில் பிரிண்டரின் அமைப்புகளுக்குள் ‘மெயின்டனன்ஸ்’ பகுதியைத் திறந்து, ‘நாஸில் செக்’ கொடுத்து ஒரு தாள் அச்செடுங்கள். படிக்கட்டுபோல நிறத்துக்கு ஒன்றாகச் சிறு கோடுகள் வரும். சிறிது இடைவெளி விட்டு இரண்டாம் தாளும் எடுத்து இரண்டையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடுங்கள். இந்த ஒப்பீட்டைப் பலரும் செய்வதில்லை. ஆனால் நோயைச் சொல்வது இதுதான். இரண்டு தாளிலும் ஒரே இடத்தில் கோடு விட்டுப்போயிருந்தால் அது அடைப்பு. விடுபடும் இடம் தாளுக்குத் தாள் மாறினால், குழாயிலோ ஹெட்டிலோ காற்றுக்குமிழி புகுந்திருக்கிறது என்று பெரும்பாலும் கொள்ளலாம். அதற்குத் தண்ணீர் வைத்தியம் வேண்டாம், தொட்டியில் போதிய மை இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, பிரிண்டரை ஓர் இரவு அசைக்காமல் விட்டாலே பல நேரம் சரியாகிவிடும்.

இரண்டாம் படி: அளவோடு ஹெட் கிளீனிங்

ஒரு முறை கிளீனிங், உடனே ஒரு நாஸில் செக். இப்படி மூன்று முறைக்கு மேல் வேண்டாம். முன்னேற்றம் தெரியாவிட்டால் 12 மணி நேரம் பிரிண்டரை விட்டுவிட்டு மறுபடி ஒரு முறை முயலுங்கள். ஒவ்வொரு கிளீனிங்கிலும் உறிஞ்சப்படும் மை, பிரிண்டரின் அடியில் உள்ள கழிவு மைப் பஞ்சில் சேர்கிறது. அந்தப் பஞ்சு நிரம்பிவிட்டதாகப் பிரிண்டர் கணக்கிட்டால், அச்சிடவே மறுத்து நின்றுவிடும். அடைப்பை நீக்கப் போய் வேறொரு செலவை இழுத்துக்கொள்வதாக முடியும்.

கார்ட்ரிட்ஜிலேயே ஹெட் இருந்தால்

கார்ட்ரிட்ஜ் என்பது மை அடைத்த சிறு பெட்டி. எச்பி 803, கேனன் 745 போன்ற கார்ட்ரிட்ஜ்களில் ஹெட் கார்ட்ரிட்ஜின் அடியிலேயே இருக்கிறது. இவ்வகை வைத்திருப்பவர்களுக்கு வேலை சுலபம். கார்ட்ரிட்ஜைக் கழற்றி, வெதுவெதுப்பான சுத்தத் தண்ணீரில் நனைத்துப் பிழிந்த டிஷ்யூவின் மேல் துளைப்பகுதி படும்படி ஐந்து நிமிடம் வையுங்கள். செம்புநிற மின்தொடர்புப் புள்ளிகள் நனையக் கூடாது. பிறகு உலர்ந்த டிஷ்யூவில் மெல்ல ஒற்றி எடுத்தால், கறுப்பு கார்ட்ரிட்ஜ் ஒரு பட்டையும், வண்ண கார்ட்ரிட்ஜ் நீலம், சிவப்பு, மஞ்சள் என மூன்று பட்டைகளும் பதிக்க வேண்டும். ஏதேனும் ஒரு பட்டை வராவிட்டால் மறுபடி நனையுங்கள். மை தீர்ந்த கார்ட்ரிட்ஜை வைத்து அச்சிட்டுக்கொண்டே இருக்காதீர்கள். இவ்வகை ஹெட்டில் மையைச் சூடாக்கித் தள்ளும் நுண்கம்பிகள் மையில்லாமல் சூடேறிக் கருகிவிடும்.

ஹெட் பிரிண்டரிலேயே பொருத்தப்பட்டிருந்தால்

எப்சன் எல் வரிசை போன்ற இங்க் டேங்க் பிரிண்டர்கள் இவ்வகை. தேவையானவை: ஊசி நீக்கிய 5 மில்லி சிரிஞ்சு, சமையலறைக் காகிதம், காதுகுடையும் பஞ்சுக்குச்சி, டிஸ்டில்ட் வாட்டர். மருந்துக்கடையில் கிடைக்கும் ஊசி மருந்து கலக்கும் தண்ணீர்ப் புட்டியும் போதும். குழாய்த் தண்ணீரையும் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரையும் தொடவே கூடாது. அதிலுள்ள உப்பு காய்ந்தால் புதிய அடைப்பாகிவிடும். நகப்பூச்சு நீக்கி, பெட்ரோல் ஆகியவை ஹெட்டின் ரப்பரையும் பசையையும் கெடுத்துவிடும்.

பிரிண்டரை ஆன் செய்து, ஹெட் நகரத் தொடங்கி நடுவே வந்ததும் சுவரிலுள்ள பிளக்கைப் பிடுங்குங்கள். இப்போது பிரிண்டரின் மேல்மூடியைத் திறந்து, ஹெட்டைக் கையால் மெதுவாக இடதுபுறம் தள்ளலாம். ஹெட்டின் பின்னால் ஓடும் ஒளிபுகும் மெல்லிய பிளாஸ்டிக் பட்டையில் விரல் படக் கூடாது. ஹெட் எங்கே நிற்கிறது என்பதைப் பிரிண்டர் அதைப் பார்த்தே அறிகிறது. மை படிந்த கை பட்டால் அந்தக் கணக்குத் தவறிவிடும்.

வலது ஓரத்தில் பஞ்சு பதித்த மூடி தெரியும். பஞ்சுக்குச்சியை நனைத்து அதன் ரப்பர் விளிம்பைச் சுற்றித் துடையுங்கள். எங்கள் வீட்டு பிரிண்டரில் இந்த விளிம்பில் தார்போல மை கட்டியாகி ஒட்டியிருந்தது. குச்சி நான்கு முறை கறுத்து, ஐந்தாம் முறை வெளுத்து வந்தது. பின்பு சிரிஞ்சால் பத்துப் பதினைந்து சொட்டுத் தண்ணீர் விட்டு மூடியை ஏறக்குறைய விளிம்புவரை நிரப்புங்கள். ஹெட்டை வலதுபுறம் தள்ளி அதன் மேல் நிறுத்தி, இரவு முழுவதும் விட்டுவிடுங்கள்.

மறுநாள், ஆன் செய்து ஒரு கிளீனிங் மட்டும் கொடுத்து, நாஸில் செக் எடுங்கள். விடுபட்ட கோடுகள் திரும்பத் தொடங்கியிருந்தால் அந்த நிறம் மிகுந்த முழுப்பக்கம் இரண்டோ மூன்றோ அச்சிடுங்கள். சற்றும் மாறாவிட்டால் மறுபடி பிளக்கைப் பிடுங்கி மூடியைப் பாருங்கள். விட்ட தண்ணீர் அப்படியே தேங்கி நின்றால், குறை ஹெட்டில் இல்லை, உறிஞ்சும் பம்ப்பிலோ அதன் குழாயிலோ இருக்கிறது. தண்ணீர் இறங்கியிருந்தால் இன்னும் ஓரிரு இரவு ஊற விடுங்கள். பிக்மென்ட் கறுப்புக்கு மூன்று இரவுகூட ஆகலாம்.

ஹெட்டின் மேல் குழாயைச் சொருகி சிரிஞ்சால் அழுத்தித் தள்ளுவதைச் சிலர் காட்டுவார்கள். புதியவர்கள் அதைச் செய்ய வேண்டாம் என்பேன். சற்று மிகுந்த அழுத்தத்திலேயே ஹெட்டின் உட்பகுதி உடையலாம். வழியும் தண்ணீர் மின்தொடர்பில் பட்டால் போர்டும் போய்விடும்.

மறுபடி உறையாமல் இருக்க

வாரம் ஒரு முறை நான்கு நிறமும் உள்ள ஒரு சிறு படத்தை அச்சிடுங்கள். பிரிண்டரை அதன் பொத்தானாலேயே அணையுங்கள். விளக்கு அணைந்த பிறகே சுவர் சுவிட்சைத் தொடுங்கள். நேரே சுவர் சுவிட்சை அணைத்தால் ஹெட் மூடியில் அமராமல் நின்றுவிடக்கூடும். அச்சிடும்போது மின்வெட்டு வந்தாலும் இதே நிலைதான்: மின்சாரம் திரும்பியதும் ஒரு முறை ஆன் செய்து, ஹெட் ஓரத்துக்குப் போகும் சத்தத்தைக் கேட்ட பிறகு, பொத்தானால் அணைத்துவிடுங்கள்.