பழைய டிவிடி ஆர்டபிள்யூவைப் பிரதி எடுக்க

காரைக்குடியில் என் கடைக்குச் சாந்திக் கல்யாண டிவிடிகளோடு ஆச்சிமார் வருகிறார்கள். முதலில் தட்டின் அடிப்பக்கத்தைப் பாருங்கள். ஊதா என்றால் பெரும்பாலும் ஒருமுறை எழுதுவது. கருஞ்சாம்பல் என்றால் அழித்து மறுபடி எழுதக்கூடிய ஆர்டபிள்யூ.

இதில் டெல்லூரியம், ஆன்டிமனி கலந்த மெல்லிய படலம் இருக்கிறது. 650 நானோமீட்டர் சிவப்பு லேசர் உருக்கிய புள்ளி கண்ணிமைப்பதற்குள் குளிர்ந்து, அணுக்கள் ஒழுங்கில்லாமல் உறைந்துவிடும். அங்கே ஒளி குறைவாகத் திரும்பும். உருகாத அளவுக்குச் சூடாக்கினால் மறுபடி படிகமாகி, பதிவு அழிந்துவிடும். தயவுசெய்து வெயில் விழும் முகப்பு அலமாரியில் வைக்காதீர்கள்.

மெத்தென்ற துணியால் நடுவிலிருந்து விளிம்புக்கு நேராகத் துடையுங்கள், வட்டமாக வேண்டாம். கணினி ‘ஃபார்மேட் செய்யவா?’ என்று கேட்டால் கட்டாயம் மறுத்துவிடுங்கள். ஒரு டிரைவ் படிக்காவிட்டால் வேறொன்றில் போடுங்கள். இந்தத் தட்டுகளில் ஒளித்திருப்பம் குறைவு, சில டிரைவுகள் திணறும். படித்ததும் இரண்டு ஹார்ட் டிஸ்க்குகளில் ஏற்றிவிடுங்கள்.