அப்ரண்டிஸ் ஆண்டில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பொறியியல் பட்டமோ டிப்ளமோவோ முடித்த பிள்ளைக்கு மகேந்திரகிரி இஸ்ரோ மையத்திலோ கூடங்குளம் அணுமின் நிலையத்திலோ தூத்துக்குடி அனல்மின் நிலையத்திலோ ஓராண்டு அப்ரண்டிஸ் இடம் கிடைத்துவிட்டால், எங்கள் ஊர்ப்பக்கம் அது வேலை கிடைத்த செய்தியாகவே தெருவெங்கும் பரவிவிடுகிறது. முதல் தவறு அங்கேயே தொடங்குகிறது. 1961ஆம் ஆண்டின் தொழிற்பழகுநர் (அப்ரண்டிஸ்) சட்டம் 1973ஆம் ஆண்டுத் திருத்தத்தால் பட்டதாரிப் பொறியாளர்களையும் டிப்ளமோ படித்தவர்களையும் சேர்த்துக்கொண்டது; ஆனால் அவர்களைத் தொழிலாளர்களாக அல்லாமல் பயிற்சி பெறுவோராகவே அது கருதுகிறது. ஆகவே வருங்கால வைப்பு நிதியும் ஈ.எஸ்.ஐ. மருத்துவக் காப்பீடும் கிடையாது; ஒப்பந்தத்தில் தனியாக எழுதியிருந்தாலொழிய, ஆண்டு முடிந்ததும் வேலை தர வேண்டிய கடமையும் நிறுவனத்துக்கு இல்லை. இதை வீட்டாரிடம் முதல் வாரத்திலேயே விளக்கிச் சொல்லிவிடுவது நல்லது.

இந்த உண்மை தெரிந்தவர்களில் சிலர் அதற்கு நேர் எதிரான தவற்றில் விழுகிறார்கள். எப்படியும் வேலை தரப்போவதில்லை என்று தெரிந்த பின் எதற்காகக் கற்க வேண்டும் என நினைத்து, போட்டித் தேர்வுப் புத்தகத்துடன் ஸ்டோர் ரூம் மூலையில் உட்கார்ந்துவிடுகிறார்கள். அல்லது பாளையங்கோட்டையில் வகுப்பில் சேர்ந்துவிட்டு ஐந்தாம் மாதத்தில் பயிற்சியையே விட்டுப் போகிறார்கள். தேர்வுக்குப் படிப்பதைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. ஆனால் ஓடிக்கொண்டிருக்கும் பெரிய இயந்திரங்களின் அருகே, உற்பத்திக் கணக்கு ஏதும் தலைமேல் இல்லாமல், எந்தக் கேள்வியையும் கேட்கும் உரிமையோடு நிற்கும் ஆண்டு வாழ்க்கையில் இரண்டாவது முறை வராது.

ஐ.டி.ஐ. படித்தவர்களின் பயிற்சியையும் இதையும் ஒன்றாக நினைத்துக் குழம்புகிறவர்களும் உண்டு. அவர்கள் தொழிற்பிரிவுத் தேர்வு எழுதித் தேசியச் சான்றிதழ் பெறுகிறார்கள். பட்டமோ டிப்ளமோவோ படித்த நமக்கு அத்தகைய இறுதித் தேர்வு கிடையாது. பயிற்சியை நிறைவு செய்தவருக்குத் தென்மண்டலத் தொழிற்பழகுநர் பயிற்சி வாரியம் திறன் சான்றிதழ் வழங்குகிறது. தேர்வு இல்லை என்பதாலேயே பலர் அன்றாடப் பயிற்சியை எழுதும் குறிப்பேட்டைப் பொருட்படுத்துவதில்லை. என் பார்வையில் இந்த ஆண்டின் மிகப் பெரிய இழப்பு அதுதான்.

நானும் அந்தத் தவற்றைச் செய்தவன். பயிற்சி பெற்ற ஆலையில் முதல் மூன்று மாதங்கள் என் குறிப்பேட்டில் "இன்று பம்ப் அலைன்மென்ட் பார்த்தேன்", "இன்று மோட்டார் மெகர் செய்தார்கள்" என்றே எழுதிவந்தேன். பின்னாளில் ஒரு நேர்காணலில் அந்த அலைன்மென்ட்டை, அதாவது பம்பின் தண்டையும் மோட்டாரின் தண்டையும் ஒரே நேர்கோட்டில் கொண்டுவரும் வேலையைப் பற்றிக் கேட்டபோது, இரு தண்டுகளையும் இணைக்கும் கப்ளிங்கில் விலகலைக் காட்டும் டயல் கேஜை எங்கே பொருத்தினார்கள், முதல் ரீடிங் என்ன, மோட்டாரின் எந்தக் காலுக்கு அடியில் எத்தனை ஷிம் (மெல்லிய தகடு) வைத்தார்கள் என்ற ஒன்றுக்கும் என்னிடம் பதில் இல்லை. பார்த்தவை அனைத்தும் உண்மை. ஆனால் எண்களை எழுதி வைக்காததால் அவை என்னோடு தங்கவில்லை.

மின்காப்பின் (இன்சுலேஷன்) தடையைச் சோதிக்கும் கருவியான மெகரின் அளவையே எடுத்துக்கொள்ளுங்கள். மோட்டார் காயிலின் இன்சுலேஷன் எத்தனை மெகாஓம் காட்டியது என்று மட்டும் எழுதினால் அந்த எண்ணுக்குப் பொருளில்லை. வெப்பம் ஏறத்தாழ 10 டிகிரி செல்சியஸ் கூடினால் அந்த மதிப்பு பாதியாகக் குறையும் என்பது களத்தில் பயன்படும் கணக்கு. ஓடி நின்ற சூட்டில் எடுத்த அளவும், காலையில் குளிர்ந்த நிலையில் எடுத்த அளவும், ஐப்பசி அடைமழையில் ஈரம் கோத்துக் கிடந்த மோட்டாரில் எடுத்த அளவும் ஒன்றோடொன்று பொருந்தா. எனவே அளவோடு காயிலின் வெப்பம், செலுத்திய வோல்டேஜ், மோட்டார் எவ்வளவு நேரம் நின்றிருந்தது ஆகியவற்றையும் எழுத வேண்டும். அப்படி எழுதியவருக்கு ஆறு மாதம் கழித்து அதே மோட்டார் பழுதாகும்போது காரணம் தெரியும்.

பணகுடி, வள்ளியூர், ராதாபுரம் பக்கத்துக் காற்றாலைகளில் பயிற்சிக்குச் செல்கிறவர்கள் காலக்கணக்கில் தவறுகிறார்கள். ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியே காற்று அடித்துக்கொண்டு வரும் ஆனி, ஆடி மாதங்களில்தான் கற்க நிறைய இருக்கும் என்று நினைத்து, காற்று ஓய்ந்த மாசி, பங்குனியில் விடுப்பு எடுத்துக்கொள்கிறார்கள். சீசனில் ஒவ்வொரு மணி நேரமும் மின் உற்பத்தி என்பதால், அவசரப் பழுது தவிர வேறு எதற்கும் இயந்திரத்தை நிறுத்தமாட்டார்கள். மேலே ஏறி, கியர்பாக்ஸ் எண்ணெயைச் சோதித்து, போல்ட்டுகளின் இறுக்கத்தை டார்க் ரெஞ்சால் சரிபார்க்கும் வேலைகள் பெரும்பாலும் காற்று குறைந்த நாட்களிலேயே நடக்கின்றன. அனல்மின் நிலையத்திலும் அப்படித்தான்: ஒரு யூனிட்டை ஓவர்ஹாலுக்கு (முழுப் பராமரிப்புக்கு) நிறுத்தும் நாட்களில் விடுப்பு கேட்பது, டர்பைனின் உள்ளே பார்க்கும் வாய்ப்பைத் தானே தள்ளிவிடுவதாகும்.

பட்டம் பெற்றவர் என்ற எண்ணத்தில் ஃபிட்டரிடம் கேட்கத் தயங்குவது இன்னொரு தவறு. முப்பது ஆண்டு வேலை பார்த்த ஓர் அண்ணாச்சி ஸ்க்ரூ டிரைவரைப் பேரிங் மீது வைத்துக் காதில் ஒற்றிக் கேட்டுவிட்டு, "இது ரெண்டு வாரம் தாங்காதுப்பா" என்பார். எப்படித் தெரியும் என்று மரியாதையாகக் கேட்டால் சொல்லித்தருவார். பின்னர் அதே பேரிங்கின் அதிர்வு அளவை நீங்கள் மீட்டரில் எடுத்து அவர் சொன்னதோடு ஒப்பிடலாம். அவருடைய காதும் உங்களுடைய படிப்பும் சந்திக்கும் இடம் அது.

பெர்மிட் (வேலையைத் தொடங்க எழுத்தில் தரும் அனுமதி) வாங்காத வேலையில் கைவைக்கக் கூடாது. யார் சொன்னாலும், எவ்வளவு சிறிய வேலையானாலும், பிரேக்கரை அணைத்துப் பூட்டுப் போட்டு, மின்சாரம் இல்லை என்பதைச் சோதித்த பின்பே தொட வேண்டும். காயம் பட்டால் பயிற்சி போய்விடுமோ என்று அஞ்சி மறைக்கவும் கூடாது. பயிற்சியின்போது ஏற்படும் விபத்துக்கு இழப்பீடு தரும் பொறுப்பைச் சட்டம் நிறுவனத்தின் மேல் வைத்திருக்கிறது; ஆனால் அன்றே பதிவு செய்யாத காயத்தைப் பின்னர் நிரூபிப்பது கடினம்.

காகிதப் பணிகளில் கவனிக்க வேண்டியவை சிலவே. ஒப்பந்தம் அரசு இணையதளத்தில் பதிவாகிவிட்டதா என்று சேர்ந்த உடனேயே பார்த்துவிடுங்கள். 2019ஆம் ஆண்டு விதித்திருத்தம் மாத உதவித்தொகையின் கீழ்வரம்பைப் பட்டதாரிக்கு 9,000 ரூபாயாகவும் டிப்ளமோ படித்தவருக்கு 8,000 ரூபாயாகவும் வைத்தது. அதில் அரசின் பங்கு நேரே வங்கிக் கணக்குக்கு வருவதால், ஆதாரோடு இணைந்த கணக்கையே கொடுக்க வேண்டும். அசல் சான்றிதழ்களைச் சரிபார்த்த பின் திரும்பப் பெற்றுக்கொள்ளுங்கள். கடைசி மாதத்தில், காலாண்டு அறிக்கைகள் நான்கும் ஏற்றப்பட்டிருக்கின்றனவா, உங்கள் பெயரும் இனிஷியலும் பட்டச் சான்றிதழில் உள்ளபடியே பதிவாகியிருக்கின்றனவா என்று பயிற்சிப் பிரிவில் அமர்ந்து ஒருமுறை சரிபாருங்கள். ஆண்டு முடிந்து வெளியே வந்த பின் ஓர் இனிஷியலைத் திருத்துவதற்காக மீண்டும் மீண்டும் அலைந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன்.