மெக்சிகோவை வழிக்குக் கொண்டுவந்தது

நாடுகளை ஆளும் கணினி விளையாட்டான யூரோப்பா யுனிவர்சாலிஸ் 4-இல் ஸ்பெயினாக ஆடிக்கொண்டிருந்தேன். மெக்சிகோ காலனியின் சுதந்திர வேட்கை 50 சதவீதத்தைத் தாண்டிவிட்டது. அப்படியானால் போரில் உருப்படியாக உதவாது. எதிரி நாடுகள் அதன் விடுதலைக்குக் கைகொடுக்கவும் கிளம்பிவிடும்.

அந்த எண்ணின் மேல் மவுஸை வைத்தால் காரணங்கள் வரிசையாக வரும். எனக்கு வந்தவை: உயர்த்திய காலனி வரி, வணிகவாதம் (தாய்நாட்டு வணிகத்துக்கே சாதகம் செய்யும் கொள்கை), அப்புறம் என் படையோடு ஒப்பிட்டால் அதன் படைபலம். சரி, முதலில் வரியைச் சில படி இறக்கினேன். வணிகவாதம் லேசில் குறையாது, அதை விட்டுவிட்டேன். ராஜதந்திர மதிப்பைக் கூட்டும் ஆலோசகரை அமர்த்தி, மிச்சக் காசில் காலாட்படை சேர்த்தேன். படைதான் நிஜமாக வேலை செய்தது. வேட்கை 50-க்குக் கீழே இறங்கியது.

வரி வருமானம் குறைந்ததுதான். ஆனால் மெக்சிகோ வணிகம் கரீபியன் வழியாக ஸ்பெயினின் வணிக மையமான செவில்லாவுக்கு வந்துகொண்டே இருந்ததால் அவ்வளவாக உறைக்கவில்லை.