வங்கி வேலைக்கு முன் சிபிலைச் சரிசெய்வது எப்படி?

கடலூரில் மஞ்சக்குப்பம், திருப்பாதிரிப்புலியூர் பக்கம் ஐபிபிஎஸ் (பொதுத்துறை வங்கிகளுக்கு ஆள் எடுக்கும் அமைப்பு), எஸ்பிஐ தேர்வுக்குப் படிக்கிற பிள்ளைகள் நிறையப் பேர். ரீசனிங்கை ராத்திரி பகலாகப் போட்டுப் பார்க்கிறவர்கள்கூட அறிவிப்பில் கடன் வரலாறு பற்றி வரும் பத்தியைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். கடன் பாக்கி வைத்தவர், சிபிலில் (நாம் கடன் வாங்கிக் கட்டிய வரலாற்றைப் பதிந்துவைக்கும் நிறுவனம்) மோசமான பதிவு உள்ளவர் நியமனத்துக்குத் தகுதியில்லை என்று எஸ்பிஐ அறிவிப்பிலேயே இருக்கிறது. இப்படி நியமனம் ரத்தான ஒருவர் வழக்குப் போட்டார். கடனையெல்லாம் கட்டிவிட்டேன் என்று சொல்லியும் எடுபடவில்லை; வங்கி செய்தது சரிதான் என்று 2025 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதனால் விண்ணப்பம் போடுவதற்கு முன்பே இந்த வேலையை முடித்துவிடுங்கள்.

படி 1: அறிக்கையை எடுங்கள்

சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், கிரிஃப் ஹைமார்க் என்று கடன் வரலாற்றை அறிக்கையாகத் தரும் நிறுவனங்கள் நான்கு. ஒவ்வொன்றும் வருடத்துக்கு ஒரு முழு அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி விதி. அவரவர் இணையதளத்திலேயே பான் எண்ணும் மொபைலும் வைத்து எடுக்கலாம். சொந்த அறிக்கையைப் பார்ப்பதால் ஸ்கோர் குறையாது.

படி 2: ஸ்கோரோடு நிறுத்தாதீர்கள்

300 முதல் 900 வரை வரும் அந்த எண்ணைப் பார்த்துவிட்டு மூடிவிடுகிறார்கள். விஷயம் உள்ளே இருக்கிறது. ஒவ்வொரு கடனுக்கும் கீழே மாதவாரியாகக் கட்டங்கள் இருக்கும். 000 என்றால் சரியாகக் கட்டியிருக்கிறீர்கள். 030, 060 என்றால் அத்தனை நாள் தாமதம். 90 நாள் தாண்டினால் வங்கி அதை வாராக்கடனாக வைத்துவிடும். 'ரிட்டன் ஆஃப்' (வராது என்று வங்கி கணக்கில் தள்ளிவைத்த கடன்), 'செட்டில்டு' (பாதி கட்டி முடித்த கடன்) என்ற சொற்கள் எங்காவது இருக்கிறதா என்று கட்டாயம் பாருங்கள்.

கல்விக் கடனில் பலரும் ஏமாறுகிற இடம் ஒன்று உண்டு. அப்பா கட்டுகிறார் என்று இருந்துவிடுவார்கள். ஆனால் கடன் மாணவர் பெயரில்தான். தவணை தவறினால் பதிவும் உங்கள் பெயரில்தான் விழும். மாமாவுக்கு ஜாமீன் கையெழுத்துப் போட்டது, இஎம்ஐயில் வாங்கிய மொபைல், ஆப்பில் எடுத்த சின்னக் கடன் எல்லாமே இதில் வரும்.

படி 3: பாக்கியை முழுசாகக் கட்டுங்கள்

இங்கேதான் ரொம்பக் கவனம் வேண்டும். வசூல் ஏஜென்ட் போன் செய்து, "பாதி கட்டுங்க சார், கணக்க முடிச்சிடலாம்" என்பார். கையில் பணம் இல்லாத நேரத்தில் அது பெரிய உதவியாகத் தெரியும். ஆனால் அப்படி முடித்தால் அறிக்கையில் 'க்ளோஸ்டு' என்று வராது, 'செட்டில்டு' என்று வரும். வாங்கியதை முழுசாகத் திருப்பவில்லை என்றுதான் அதைப் படிப்பார்கள். வங்கி வேலைக்குப் போகிறவருக்கு அந்தத் தள்ளுபடி வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. மொத்தமாக முடியாவிட்டால் கிளைக்கே போய் மேலாளரிடம் பேசித் தவணையாகக் கேளுங்கள். வசூல் ஆளிடம் ரொக்கமாகக் கொடுக்காதீர்கள். முன்பே செட்டில் செய்தவர்களும் மீதித் தொகையைக் கட்டி 'க்ளோஸ்டு' என்று மாற்றித் தரச் சொல்லிக் கேட்கலாம்.

படி 4: கடிதம் வாங்குங்கள்

கட்டிய ரசீது போதாது. கடன் கணக்கு எண், முடித்த தேதி, முத்திரை எல்லாம் உள்ள நோ டியூஸ் சான்றிதழ் வேண்டும். சிபிலில் இன்னும் மாறவில்லை என்றால், பணியில் சேருவதற்கு முன் பாக்கி இல்லை என்ற கடிதத்தைத்தான் ஐபிபிஎஸ் வழியாக ஆள் எடுக்கும் வங்கிகள் கேட்கும். அதுவும் இல்லையென்றால் வங்கி வேலை ஆர்டரைத் திரும்பப் பெறலாம் என்று அறிவிப்பிலேயே போட்டிருக்கிறார்கள்.

படி 5: தப்பான பதிவுக்குப் புகார்

கட்டி முடித்த கடன் இன்னும் பாக்கியாகக் காட்டினால், அப்படிக் காட்டும் சிபில் போன்ற நிறுவனத்தின் தளத்திலேயே புகார் போடுங்கள். 30 நாளில் தீர்க்க வேண்டும். தாண்டினால் நாளுக்கு 100 ரூபாய் இழப்பீடு உங்களுக்கு வர வேண்டும். அப்போதும் நகரவில்லையா? ரிசர்வ் வங்கி குறைதீர்ப்பாளரிடம் போகலாம், கட்டணம் கிடையாது. விவரம் கேட்க 14448.

அப்புறம், இதுவரை கடனே வாங்காதவர்களுக்கு ஸ்கோர் இருக்கிற இடத்தில் -1 அல்லது என்ஹெச் என்று வரலாம். பதறாதீர்கள். வரலாறு இல்லை என்றுதான் அதற்குப் பொருள், அது கெட்ட பதிவு ஆகாது.