தொப்பையா, தொங்கும் தோலா? முதலில் கிள்ளிப் பாருங்கள்

எடை நிறைய இறங்கியும் வயிறு மட்டும் தொங்கினால், நின்றபடி கொஞ்சம் குனிந்து தொப்புளுக்குக் கீழே கிள்ளிப் பாருங்கள். சப்பாத்தி மாவு போலத் தடிமனாக வந்தால் கொழுப்பு. வேட்டி மடிப்பு போல மெல்லிசாகச் சுருங்கினால் தோல். எனக்கு இரண்டும் கலந்திருந்தது.

கொழுப்புக்கு வழி ஒன்றுதான்: வாரம் அரைக் கிலோ முதல் ஒரு கிலோ வரை மொத்த எடையைக் குறைப்பது. தினம் நூறு சிட்-அப் போட்டாலும் அந்த இடத்துக் கொழுப்பு மட்டும் கரையாது. நான் செய்த தவறு, இட்லியைக் குறைத்தேனே தவிரப் புரதத்தைக் கூட்டவில்லை. தசையும் கரைந்து தோல் இன்னும் தளர்ந்தது. பிறகு தினமும் எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் 1.2 முதல் 1.6 கிராம் புரதம் (ஒரு முட்டையில் 6 கிராம்தான், கணக்குப் போட்டால் மலைப்பாக இருக்கும்), வாரம் 3 நாள் ஸ்குவாட் (உட்கார்ந்து எழுவது), டெட்லிஃப்ட் (தரையிலிருந்து எடை தூக்குவது). சிறுநீரகக் கோளாறு இருந்தால் மருத்துவரைக் கேட்காமல் புரதத்தைக் கூட்டாதீர்கள். தராசு நகராத வாரங்களிலும் டேப்பில் வயிற்றின் சுற்றளவு இறங்கியது. டேப்பைக் காலையில், வெறும் வயிற்றில், மூச்சை விட்டபின் வைக்க வேண்டும்.

தோலுக்கு கிரீம், பெல்ட் எல்லாம் காசுக்குக் கேடு. ரொம்ப நாள் இழுபட்ட தோல் ஓரளவுதான் சுருங்கும், அதுவும் மெதுவாக. மடிப்புக்குள் வியர்வை தங்கினால் சிவந்து புண்ணாகும். குளித்ததும் பருத்தித் துண்டால் ஒற்றி எடுங்கள், தேய்க்காதீர்கள். அறுவை சிகிச்சை என்றால், எடை 6 மாதமாவது ஏறாமல் இறங்காமல் நின்ற பிறகுதான்.