வெப் சர்வீஸைப் பதிவேட்டில் போடும்போதும் தேடும்போதும் தவிர்க்க வேண்டிய தவறுகள்

2000 செப்டம்பரில் ஐபிஎம், மைக்ரோசாஃப்ட், அரிபா மூன்றும் சேர்ந்து யுடிடிஐ என்ற பதிவேட்டுத் திட்டத்தை அறிவித்தன. நிறுவனங்கள் தங்கள் வெப் சர்வீஸ்களை, அதாவது மற்றவர்களின் நிரல்கள் இணையம் வழியாக அழைத்துப் பயன்படுத்தும் சேவைகளை, ஒரு பொதுப் பதிவேட்டில் பதியும், தேவைப்படுவோர் தேடி எடுத்து இணைத்துக்கொள்வார்கள் என்பது எண்ணம். அந்தப் பொதுப் பதிவேடு 2006 ஜனவரியில் மூடப்பட்டது. ஆனால் நிறுவனங்கள் தங்களுக்குள் வைத்துக்கொண்ட பதிவேடுகள் தொடர்ந்தன. அங்கே நடந்த தவறுகளை, நிரல்கள் அழைக்கக்கூடிய சேவைகளைப் பட்டியலிடும் இன்றைய ஏபிஐ கேட்டலாக்குகளிலும் பார்க்கலாம்.

பெயரை மட்டும் பதிந்துவிட்டு நிறுத்திக்கொள்வது முதல் தவறு. தேடுபவருக்கு உங்கள் பெயர் தெரியாது; தெரிந்திருந்தால் அவர் பதிவேட்டுக்கு வந்திருக்கவே மாட்டார். தொழில் வகைக்கு நைக்ஸ், பொருளுக்கும் சேவைக்கும் யுஎன்எஸ்பிஎஸ்சி, நாட்டுக்கு ஐஎஸ்ஓ 3166 என்று யுடிடிஐயில் வகைக் குறியீடுகள் இருந்தது இதற்காகத்தான். தேடுபவரும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். யுடிடிஐயின் இரண்டாம் பதிப்பில், பெயரின் தொடக்க எழுத்துகளைக் கொடுத்தாலே விடை வரும். மூன்றாம் பதிப்பில், தனியாகக் கேட்டால் ஒழிய, முழுப் பெயரும் அப்படியே பொருந்த வேண்டும். விடை வரவில்லை என்பதற்காக சர்வீஸே இல்லை என்று முடிவுகட்டிவிடக் கூடாது.

அடுத்தது டபிள்யூஎஸ்டிஎல், அதாவது ஒரு சர்வீஸை எப்படி அழைப்பது என்று விவரிக்கும் கோப்பு. சர்வீஸ் எப்படிப் பேசும் என்ற விவரத்தையும் அது எந்த முகவரியில் இயங்குகிறது என்பதையும் ஒரே கோப்பில் போட்டு ஒரே பதிவாக ஏற்றிவிடுகிறார்கள். முதலாவது, பலரும் பகிர்ந்துகொள்ளக்கூடிய விவரக்குறிப்புப் பதிவான டி-மாடலுக்கு உரியது; இரண்டாவது, சர்வீஸின் முகவரியைச் சொல்லும் பதிவான பைண்டிங் டெம்ப்ளேட்டுக்கு உரியது. பிரித்து வைத்தால்தான் பத்து நிறுவனங்கள் ஒரே டி-மாடலைச் சுட்ட முடியும்; அதைப் பின்பற்றும் சர்வீஸ்கள் எவை என்று கேட்டால் பத்தும் கிடைக்கும். உங்கள் துறைக்குப் பொதுவான டி-மாடல் ஏற்கெனவே இருக்க, சொந்தமாக இன்னொன்றைப் போட்டால் அந்தத் தேடலில் நீங்கள் வரவே மாட்டீர்கள். இதைத்தான் நான் மிகப் பெரிய இழப்பாகப் பார்க்கிறேன்.

சோதனைப் பதிவுகளை உண்மையான பதிவேட்டில் போடாதீர்கள். பொதுப் பதிவேடு இருந்த காலத்திலேயே சோதனைக்கென்று தனிப் பதிவேடுகள் இருந்தன.

பயன்படுத்துபவர் பக்கத்தில் இரு துருவங்களைப் பார்க்கலாம். சிலரின் நிரல் ஒவ்வொரு அழைப்புக்கும் முன்னால் பதிவேட்டைக் கேட்கும். பதிவேடு படுத்தால் எல்லாம் படுக்கும். சிலர் முகவரியை நிரலுக்குள்ளேயே எழுதிவிடுவார்கள்; சர்வர் மாறிய அன்று வேலை நின்றுவிடும். யுடிடிஐ சொன்ன வழி இரண்டுக்கும் நடுவில் இருக்கிறது. பைண்டிங் விவரத்தை ஒருமுறை எடுத்து, அதன் சாவியோடு (அந்தப் பதிவை அடையாளம் காட்டும் குறியீடு) சேமித்துக்கொள்ளுங்கள். அழைப்பு தோற்றால் அதே சாவியைக் கொடுத்துப் பதிவேட்டிடம் மறுபடி கேளுங்கள். முகவரி மாறியிருந்தால் புதியதில் முயலலாம். மாறவில்லை என்றால் கோளாறு சர்வீஸில்தான், பிழையை உடனே தெரிவித்துவிடுங்கள்.

இந்த வழி பலிக்க, பதிந்தவரும் ஒத்துழைக்க வேண்டும். சர்வர் மாறும்போது பழைய பதிவை அழித்துப் புதிதாக ஒன்றை உருவாக்கினால் சாவியும் மாறிவிடும், அதைச் சேமித்து வைத்திருந்த எல்லாருக்கும் தொடர்பு அறுந்துவிடும். பழைய பதிவைத் திறந்து முகவரியை மட்டும் திருத்துங்கள்.

பதிவேட்டில் இருப்பதாலேயே ஒரு சர்வீஸை நம்பிவிடக் கூடாது. பதிவேடு முகவரியைச் சொல்லும், தரத்துக்குப் பொறுப்பேற்காது. மூன்றாம் பதிப்பில் பதிவுகளுக்கு டிஜிட்டல் கையொப்பம் இட வழி வந்தது, இருந்தால் சரிபாருங்கள். ‘இவர்கள் எங்கள் பங்குதாரர்’ என்ற உறவுப் பதிவோ இரு தரப்பும் ஒரே மாதிரி உறுதி செய்தால்தான் வெளியே தெரியும். ஒருதலையாகப் பதிந்துவிட்டு, ஏன் தெரியவில்லை என்று தேடிக்கொண்டிருக்காதீர்கள்.

பதிவு யார் கணக்கில் இருக்கிறது என்பதையும் பாருங்கள். பதிந்த கணக்குதான் அதைத் திருத்த முடியும். வேலையை விட்டுப் போன ஒருவரின் தனிக் கணக்கில் அது கிடந்தால், செத்த முகவரியைக்கூட உங்களால் மாற்ற முடியாது. குழுவின் பொதுக் கணக்கில் பதியுங்கள். தொடர்பு மின்னஞ்சலும் குழுவுடையதாக இருக்கட்டும்.