போனவர்களையும் எண்ணுங்கள்: வேகமாக வளரும் நாட்டில் ஓர் ஊரின் மாற்றத்தை அளப்பது எப்படி

ஒரு நாட்டின் உற்பத்தி ஆண்டுக்கு 7 சதவீதம் வளர்ந்தால் ஏறக்குறைய பத்தே ஆண்டில் இரட்டிப்பாகும். இருபது ஆண்டில் ஏறக்குறைய நான்கு மடங்கு. அந்த நான்கு மடங்கு யார் வீட்டுக்குப் போனது, அதோடு எந்த வேலை, எந்தப் பழக்கம், எந்த உறவு மாறியது என்று நாட்டுக் கணக்கு சொல்லாது. அதற்கு ஓர் ஊரையோ ஒரு தெருவையோ வீடு வீடாக எண்ண வேண்டும், பிறகு அதே வீடுகளுக்குத் திரும்பப் போக வேண்டும்.

இது புதிய வேலை அல்ல. 1916-ல் பொருளியல் பேராசிரியர் கில்பர்ட் ஸ்லேட்டர் சென்னைப் பல்கலைக்கழக மாணவர்களை அனுப்பிச் சில ஊர்களை விவரமாகப் பதிவு செய்யச் சொன்னார். அவற்றில் ஒன்றான இருவேல்பட்டு 1936-37, 1981, 2008 ஆகிய ஆண்டுகளிலும் ஆராயப்பட்டது. உத்தரப் பிரதேசத்தின் பாலன்பூரில் 1957-58-ல் தொடங்கிய கணக்கெடுப்பு அதன் பிறகும் பலமுறை நடந்திருக்கிறது. நிலத்தையே நம்பியிருந்த ஊர் எப்படி அருகிலுள்ள நகர வேலைகளுக்குப் போய்வரும் ஊரானது என்பதை அங்கே குடும்பம் குடும்பமாகப் பின்தொடர முடிகிறது. இதற்குப் பெரிய நிறுவனம் தேவையில்லை. நான்கு பேரும் மூன்று மாதமும் இருந்தால் 200 வீடுகள் வரை செய்துவிடலாம்.

எல்லையும் ஆண்டும்

150 முதல் 250 வீடுகள் உள்ள இடமாகத் தேர்ந்தெடுங்கள். இந்த அளவில் மாதிரி எடுக்காதீர்கள், எல்லா வீட்டையும் எண்ணுங்கள். 200 வீட்டில் மாதிரி எடுத்து 5 சதவீதப் பிழைக்குள் நிற்க வேண்டுமென்றால் எப்படியும் 132 வீடுகள் தேவைப்படும். மீதி 68-ஐ விட்டு மிச்சமாகும் நேரத்தைவிட, விட்டுப்போனவர்கள் யார் என்ற சந்தேகத்தால் வரும் சேதம் பெரிது.

இன்றைய ஊரோடு ஒப்பிடும் பழைய ஆண்டை 2000, 2010 என்று வெறும் எண்ணாக வைக்க வேண்டாம். யாருக்கும் 2000-ம் ஆண்டு நினைவில் இருக்காது. சாலை வந்த ஆண்டு, மின்சாரம் வந்த ஆண்டு, ஆலை திறந்த ஆண்டு நினைவிருக்கும். தென்கொரியாவில் 1970-71-ல் சுமார் 33,000 கிராமங்களுக்கு, கிராமத்துக்கு 335 மூட்டை என்று அரசு சிமென்ட் கொடுத்தது. 'சிமென்ட் வருவதற்கு முன்' என்று கேட்டால் அந்தத் தலைமுறைக்குச் சட்டென்று பிடிபடும்.

அரசு ஆணை வந்த ஆண்டும் அது ஊருக்குள் நுழைந்த ஆண்டும் ஒன்றல்ல. சீனாவில் பொருளாதாரச் சீர்திருத்தத்தின் தொடக்கமாக 1978 சொல்லப்படுகிறது. ஷியாவ்காங் கிராமத்துக் குடியானவர்கள் நிலத்தைக் குடும்பவாரியாகப் பிரித்துக்கொண்டதும் அந்த ஆண்டுதான். ஆனால் அந்த முறை ஏறக்குறைய எல்லா ஊர்களையும் எட்ட 1983 வரை ஆனது. உங்கள் ஊரில் எப்போது நடந்தது என்பதைத் தனியாகக் கேட்டு, அதையே எல்லைக்கோடாக வையுங்கள்.

வீட்டுப் பட்டியல்

முழு ஆய்வும் இதன் மேல்தான் நிற்கிறது. கேள்வித்தாளில் உள்ள குறையைப் பிறகு சரிசெய்துவிடலாம். பட்டியலில் விட்டுப்போன குடும்பத்தைப் பிறகு கண்டுபிடிக்கவே முடியாது.

முதலில் நடந்தே ஒரு வரைபடம் போடுங்கள். ஒவ்வொரு கட்டடத்துக்கும் எண் கொடுங்கள். பூட்டிக் கிடக்கும் வீடு, இடிந்த சுவர், காலி மனை, மாட்டுக்கொட்டகை எதையும் விடாதீர்கள். அதன் பிறகு ஒப்பிடும் ஆண்டில் அங்கே யார் இருந்தார்கள் என்று ஒவ்வொரு எண்ணுக்கும் கேளுங்கள். குறைந்தது மூன்று பேரிடம் தனித்தனியாகக் கேட்க வேண்டும்: ஒரு முதியவர், வாழ்க்கைப்பட்டு வந்து அங்கேயே இருக்கும் ஒரு பெண், தெருவின் மறுகோடியில் இருக்கும் ஒருவர். மூவரும் ஒத்துப்போகாத எண்ணுக்கு நான்காவது ஆளைத் தேடுங்கள்.

இப்படிக் கிடைக்கும் போனவர்கள் பட்டியலில்தான் மாற்றத்தின் பாதி இருக்கிறது. ஒரு கணக்கைப் பாருங்கள். முன்பு 200 குடும்பங்கள், அவற்றில் நிலமற்றவை 80, அதாவது 40 சதவீதம். 60 குடும்பங்கள் வெளியேறிவிட்டன, அவற்றில் 52 நிலமற்றவை. இன்று இருக்கும் 140-ல் நிலமற்றவை 28, அதாவது 20 சதவீதம். இருப்பவர்களிடம் மட்டும் கேட்டுவிட்டுத் திரும்பினால் 'நிலமின்மை பாதியாகக் குறைந்தது' என்று எழுதுவீர்கள். ஒருவருக்கும் ஒரு சென்ட் நிலம்கூடக் கிடைத்திருக்காது. ஏழைகள் போய்விட்டார்கள், அவ்வளவுதான்.

ஆகவே போன ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு சிறு தாள் வையுங்கள். எந்த ஆண்டு போனார்கள், எங்கே, என்ன வேலைக்கு, போகும்போது நிலம் இருந்ததா, வீட்டை விற்றார்களா, இன்னும் யாரோடு தொடர்பு என்ற ஆறு கேள்விகள் போதும். உறவினரிடம் எண் வாங்கித் தொலைபேசியில் கேட்டாலே பலர் மனம் திறந்து பேசுவார்கள். கிடைக்காதவர்களை 'தெரியவில்லை' என்று குறித்து, அந்த எண்ணிக்கையை அறிக்கையில் வெளிப்படையாகப் போடுங்கள்.

பதிவேட்டில் பெயர் இருப்பதை மட்டும் வைத்து ஒருவரை ஊரில் இருப்பவராக எண்ணிவிடாதீர்கள். சீனாவில் 1958 முதல் இருக்கும் குடும்பப் பதிவு முறையில், ஆண்டுக்கணக்காக நகரத்தில் வேலை செய்பவரின் பதிவு கிராமத்திலேயே இருக்கலாம். கடந்த 12 மாதத்தில் 6 மாதமாவது இங்கே தங்கினாரா என்று கேட்டு, 'இருப்பவர்', 'போய்வருபவர்', 'போனவர்' என மூன்றாகப் பிரியுங்கள்.

குடும்பம் என்பது எது

ஒரே அடுப்பில் சமைத்துச் சாப்பிடுபவர்கள் ஒரு குடும்பம். இந்த வரையறையை இரண்டு ஆண்டுகளுக்கும் மாற்றாமல் வைக்க வேண்டும். மாற்றாமல் வைத்தாலும் ஒரு பள்ளம் காத்திருக்கிறது.

47-ம் எண் வீட்டை எடுத்துக்கொள்வோம். முன்பு எட்டுப் பேர், ஓர் அடுப்பு, வருமானம் 80. இன்று அண்ணனும் தம்பியும் பிரிந்து இரண்டு அடுப்பு, அடுப்புக்கு நான்கு பேர், வருமானம் 60. குடும்பச் சராசரி 80-லிருந்து 60-க்கு இறங்கிவிட்டது. தலைக்கு எவ்வளவு என்று பார்த்தால் 10-லிருந்து 15-க்கு ஏறியிருக்கிறது. வேகமாக வளரும் நாடுகளில் கூட்டுக்குடும்பம் உடைவதும் வருமானம் ஏறுவதும் ஒரே நேரத்தில் நடப்பதால் இந்தப் பிழை ஊர் முழுக்கப் பரவும். எப்போதும் தலைவாரியாகக் கணக்கிடுங்கள். பிரிந்த அடுப்புகளுக்கு 47அ, 47ஆ என்று எண் கொடுத்தால் மூலக் குடும்பத்தோடு இணைத்துப் பார்க்கலாம்.

வேலை, வருமானம்

'வேலை செய்கிறீர்களா?' என்று பெண்களிடம் கேட்டால் பெரும்பாலும் 'இல்லை' என்றே பதில் வரும். மாட்டைப் பார்த்து, தண்ணீர் கொண்டுவந்து, கடையில் அரை நாள் உட்கார்ந்தவரும் அப்படித்தான் சொல்வார். கேள்வியைச் செயல்வாரியாக உடையுங்கள்: நேற்று விழித்ததிலிருந்து என்னென்ன செய்தீர்கள், ஒவ்வொன்றுக்கும் எவ்வளவு நேரம்? இந்தியாவின் 2019 நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், ஊதியமில்லா வீட்டுவேலை செய்த பெண்கள் அதற்கு நாளொன்றுக்குச் சராசரியாக 299 நிமிடம் செலவிட்டிருந்தார்கள், செய்த ஆண்கள் 97 நிமிடம். செயல்வாரியாகக் கேட்டதால்தான் அந்த எண் வெளியே வந்தது.

பெண்களின் கூலிவேலை குறைந்திருந்தால் உடனே பின்னடைவு என்று எழுதிவிட வேண்டாம். நாடு வளரும்போது பெண்களின் உழைப்புப் பங்கேற்பு முதலில் இறங்கிப் பிறகு ஏறக்கூடும் என்பதைப் பொருளியலாளர் கிளாடியா கோல்டின் நீண்ட காலத் தரவுகளில் காட்டியிருக்கிறார். வேலையை விட்டாரா, வேலையே மறைந்ததா, படிக்கப் போனாரா, வீட்டார் தடுத்தார்களா என்று நான்கு காரணங்களையும் தனித்தனிக் கட்டங்களாக வையுங்கள்.

கூலியை ஒப்பிட விலைவாசிக் குறியீடு கைவசம் இல்லையென்றால் பழைய வழி ஒன்று உண்டு. ஒரு நாள் கூலிக்கு அந்த ஊரின் முக்கியத் தானியம் எத்தனை கிலோ கிடைத்தது, இன்று எத்தனை கிலோ கிடைக்கிறது? கூலி 6 மடங்கும் தானிய விலை 4 மடங்கும் ஏறியிருந்தால் உண்மையான உயர்வு ஒன்றரை மடங்கு. ஆனால் வாடகை, பள்ளிக்கட்டணம், மருத்துவம் ஆகியவை தானியத்தைவிட வேகமாக ஏறும் இடத்தில் இது கூலி உயர்வை மிகைப்படுத்திக் காட்டும். ஆகவே செலவுப் பட்டியலையும் சேர்த்து எடுங்கள். உணவுக்குப் போகும் பங்கு குறைவது வளர்ச்சியின் பழைய அடையாளம். இந்தியக் கிராமங்களில் அது 1999-2000-ல் 59 சதவீதத்துக்கு மேல் இருந்தது, 2022-23-ல் 46 சதவீதம் அளவுக்கு இறங்கியது.

அந்த இரண்டு எண்களையும் இங்கே வைத்ததற்கு இன்னொரு காரணம் உண்டு. இந்தியாவின் 1999-2000 நுகர்வுச் செலவுக் கணக்கெடுப்பில் உணவுச் செலவை 7 நாளுக்கும் 30 நாளுக்கும் ஒரே தாளில் பக்கம் பக்கமாகக் கேட்டார்கள். மக்கள் ஒரு பதிலை மற்றதோடு ஒத்துப்போகும்படி சரிசெய்துகொண்டார்கள் என்ற ஐயம் எழுந்தது. வறுமை உண்மையில் எவ்வளவு குறைந்தது என்ற வாதம் ஆண்டுக்கணக்கில் நீண்டது. 2022-23-லோ ஒரே வீட்டுக்கு மூன்று முறை போய்க் கேட்டார்கள். கேள்வியின் கால அளவு மாறினால் விடை மாறும். முந்தைய ஆய்வு 30 நாள் என்று கேட்டிருந்தால், அது சரியில்லை என்று உங்களுக்குத் தோன்றினாலும் 30 நாள் என்றே கேளுங்கள். மேம்பட்ட கேள்வி வேண்டுமென்றால் பாதி வீடுகளில் மட்டும் கேட்டு இரண்டையும் ஒப்பிடுங்கள். அறுவடை முடிந்த மாதத்தில் எடுத்ததை வறண்ட மாதத்தில் எடுத்ததோடு ஒப்பிடவும் கூடாது.

பொருள்களை எண்ணும்போது வண்டி இருக்கிறதா என்பதோடு நிறுத்தாமல், முழுப்பணம் கொடுத்ததா, தவணையா, வெளியூர்ப் பிள்ளை அனுப்பியதா, திருமணத்தில் வந்ததா என்றும் குறியுங்கள். இந்த நான்கும் நான்கு வேறு கதைகள்.

பழக்கவழக்கம்

இங்கேதான் அதிகம் தவறு நடக்கிறது. 'மரபு குறைந்துவிட்டதா?' என்று கேட்டால் எல்லோரும் 'ஆமாம்' என்பார்கள். கருத்தைக் கேட்காமல் கடைசியாக நடந்ததைக் கேளுங்கள். வீட்டில் கடைசியாக நடந்த திருமணம் எது? மணமக்களின் வயது, துணை எத்தனை கிலோமீட்டர் தொலைவிலிருந்து வந்தது, முதலில் பேச்சை எடுத்தது யார், மறுக்கும் உரிமை யாரிடம் இருந்தது, எந்தச் சடங்குக்கு வெளியாள் அமர்த்தப்பட்டார்? இதையே பெற்றோர் திருமணத்துக்கும் கேட்டால் ஒரே வீட்டில் இரண்டு தலைமுறை ஒப்பீடு கிடைத்துவிடும்.

குழந்தைகளின் பெயர்களைப் பிறந்த பத்தாண்டு வாரியாக அடுக்குவது மிகவும் பயனுள்ள வேலை. தாத்தா பாட்டி பெயர் இட்டது எத்தனை, தெய்வத்தின் பெயர் எத்தனை, அந்த ஊரில் அதுவரை இல்லாத பெயர் எத்தனை? யாரும் ஆய்வாளருக்காகக் குழந்தைக்குப் பெயர் வைப்பதில்லை என்பதால் இந்தத் தரவில் பூச்சு இருக்காது.

மனநிலையை அறிய ஒரு கேள்வி போதும்: 'இந்தத் தெருவில் முன்னேறியவர் யார், உங்கள் முறையும் வரும் என்று நினைக்கிறீர்களா?' பொருளியலாளர் ஆல்பர்ட் ஹிர்ஷ்மன் 1973-ல் சுரங்கப்பாதை நெரிசலை வைத்து இதை விளக்கினார். பக்கத்து வரிசை நகர்ந்தால் முதலில் நம்பிக்கை வரும், நம் வரிசை அசையாமலே நின்றால் கோபம் வரும். பதிலை வீட்டு எண்ணோடு சேர்த்துப் பார்க்கும்போது நம்பிக்கை எந்தப் பக்கத்தில் தீர்ந்துபோயிருக்கிறது என்று வரைபடத்திலேயே தெரியும்.

அட்டவணை போடும்போது

சராசரியோடு நடு எண்ணையும் போடுங்கள், அதாவது எல்லா வீட்டையும் வரிசையில் நிறுத்தினால் சரிபாதியில் நிற்பவரின் எண். இரண்டே பெரிய வீடுகள் சராசரியைத் தூக்கிவிடும். அப்பாவின் வேலை இடப்பக்கம், பிள்ளையின் வேலை மேலே என்று ஒரு கட்டம் போட்டு, போனவர்களின் பிள்ளைகளையும் அதில் சேருங்கள். அவர்களை விட்டால் அந்தக் கட்டம் பொய் சொல்லும்.

முடிந்ததும் வீட்டு எண்ணுக்கும் பெயருக்குமான திறவுத்தாளை மற்ற தாள்களிலிருந்து பிரித்துப் பூட்டி வையுங்கள். சாதி, கடன், திருமணம் பற்றிய விவரம் பெயரோடு வெளியே போகவே கூடாது. கேள்விகளின் சொல் மாறாத அச்சுப்பிரதி, வரைபடம், போனவர்கள் பட்டியல், கண்டுபிடிக்க முடியாத வீட்டு எண்கள், ஆய்வு நடந்த மாதம் ஆகியவற்றைத் தாளில் அச்சிட்டு இரண்டு நூலகங்களில் சேர்த்துவிடுங்கள். இருபது ஆண்டு கழித்து வருபவர் கணினிக் கோப்பைத் திறக்க முடியாமல் நிற்கலாம், தாளைப் பிரித்துப் படித்துவிடுவார்.